ஷின்ச்சுவில் அடுப்புள்ள வீடு தேடிய கதை

தைவானுக்கு வேலைக்கு வருகிறவர்கள் குடியிருப்பு அட்டை, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு என்று கவலைப்பட்டுக்கொண்டே வருகிறார்கள். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. டோக்கன் எடுத்து உட்கார்ந்தால் வேலை தானாக முடியும். எனக்கு நாக்குத் தள்ளியது வீட்டு விஷயத்தில்தான். அதுவும் சமைக்க விடுகிற வீடு.

நான் இருக்கும் ஷின்ச்சு நகரத்தில் தனியாளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ‘தாவ்ஃபாங்’. ஓர் அறை, உள்ளேயே குளியலறை, கட்டில், மேசை, ஏசி. சமையலறை கிடையாது. உள்ளூர்க்காரர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரிவதில்லை. காலையில் தெருமுனைக் கடையில் முட்டை தோசை மாதிரி ஒரு ‘தான்பிங்’, மதியம் ‘பியன்தாங்’ டப்பா, இரவு நூடுல்ஸ். அதற்கு மேல் பசித்தால் செவன் இலெவன் விடிய விடியத் திறந்திருக்கிறது. அறையில் அடுப்பு எதற்கு என்றுதான் கேட்பார்கள்.

நான் சைவம். சைவத்துக்குத் தைவானைக் குறை சொன்னால் பாவம். போர்டில் ஸ்வஸ்திகா போட்ட கடை கண்ணில் பட்டால் கவலையில்லாமல் உள்ளே போகலாம். தட்டில் வேண்டியதை எடுத்து எடை போட்டுக் காசு கொடுத்துவிட்டு உட்காரலாம். பாக்கெட் உணவில் முட்டை சேர்ந்த சைவம், பால் சேர்ந்த சைவம், வெங்காயம் பூண்டு சேர்ந்த சைவம் என்று தனித்தனியாக அச்சடித்திருக்கும். ஆனால் நான் போகும் கடை ஏழு மணிக்குள் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடும், ஞாயிறு விடுமுறை. ஆய்வகத்திலிருந்து நான் கிளம்பவே எட்டு ஆகும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, ஊரே விரதம் என்று வந்து நிற்கும். வரிசை தெருவுக்கு வந்துவிடும். மற்ற கடைகளில் வெறும் கீரைப் பொரியல் கேட்டாலும் பன்றிக் கொழுப்பில் வதக்கித் தர வாய்ப்புண்டு, சூப் என்றால் எலும்புச் சாறு. பல்கலைக்கழக விருந்தினர் அறையில் ஒரு மாதம் ஓட்டினேன். அதன்பின் ரசம் இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது.

வீடு தேட எல்லோரும் போவது 591 என்கிற இணையதளம். ‘சமைக்கலாம்’ என்று ஒரு வடிகட்டி அதில் உண்டு. அதைத் தட்டியதும் பட்டியல் சரசரவென்று சுருங்கிவிடும். போன் பேச ஆய்வகத் தோழி ஒருத்தி உதவினாள். நல்ல பெண், பொறுமைசாலி. வெளிநாட்டவர் என்றதும் ‘வீடு போய்விட்டது’ என்று வைத்தவர்கள் பாதி. மீதிப் பேர் எந்த நாடு என்று கேட்டார்கள். இந்தியா என்றதும், “மசாலா வாசனை சுவரில் ஏறிவிடுமே?” இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? ஏறத்தான் செய்யும்.

ஒரு தரகர் மட்டும் தெம்பாகப் பேசினார். பக்கத்து ஊரான சூபெய்யில் வீடு, சமைக்கலாம், வெளிநாட்டவர் என்றாலும் சரி, உடனே வாருங்கள் என்றார். குளிர்காலத்தில் ஷின்ச்சுக் காற்று எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்று நகரம் என்றுதான் இதற்குப் பெயரே. அந்தக் காற்றில், சாரலில், பஸ் மாறிப் போனேன். சமையலறை இருந்தது. மேடை, தொட்டி எல்லாம் இருந்தது. அடுப்பு இருந்த இடத்தில் ஒரு பலகை. கேஸ் குழாய் வாயை மூடி டேப் சுற்றியிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா விளக்கினார்: தண்ணீர் கொதிக்க வைக்கலாம், நூடுல்ஸ் போடலாம், எண்ணெய் மட்டும் கூடாது. தரகரைப் பார்த்தேன். “அதுவும் சமையல்தானே,” என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

விளம்பரத்தில் ‘எளிய சமையல்’ என்று போட்டிருந்தால் அதற்கு இதுதான் பொருள். கிளம்பும் முன்பே ‘எண்ணெய் காயவைத்துத் தாளிக்கலாமா?’ என்று கேட்டு, பதிலை இங்கே எல்லோரும் வைத்திருக்கும் ‘லைன்’ செயலியில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

எழுத்தாக வாங்கினாலும் போதாது என்பதைக் குவாங்ஃபூ சாலைப் பக்கம் பார்த்த வீடு காட்டியது. வீட்டுக்காரர் லைனில் சரி என்றார், கட்டைவிரல் படமும் போட்டார். இடம் போய்விடும் என்று தரகர் 2,000 தைவான் டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டார். ஒப்பந்தம் வந்தது, முழுக்கச் சீனத்தில். தோழிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். சிறிய எழுத்தில் மூன்று வரிகள்: எண்ணெய்ப் புகை வரும் சமையல் கூடாது, இந்த முகவரியை எந்தப் பதிவுக்கும் பயன்படுத்தக் கூடாது, வாடகையை வருமான வரியில் காட்டக் கூடாது. இரண்டாவது வரிதான் கழுத்தைப் பிடித்தது. குடியிருப்பு அட்டையில் முகவரி மாற்ற வேண்டும் என்றால் ஒப்பந்த நகலைத்தான் கேட்பார்கள். மூன்றாவதன் கதை எல்லோருக்கும் தெரியும். வாடகை வருமானம் வரித்துறைக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். அப்படி ஒரு வரியைக் குடியிருப்பு ஒப்பந்தத்தில் சேர்க்கவே கூடாது என்று உள்துறை அமைச்சக விதி இருக்கிறது. இருந்தும் சேர்க்கிறார்கள்.

வேண்டாம் என்றதும் தரகர் முன்பணத்தைத் தர மறுத்தார். நீங்கள்தானே பின்வாங்கினீர்கள் என்றார். தோழி போனை வாங்கிக் குரலை உயர்த்தாமல் ஒன்றே ஒன்று கேட்டாள்: “படித்துப் பார்க்க மூன்று நாள் கொடுத்தீர்களா?” அமைச்சகத்தின் மாதிரி ஒப்பந்தத்தில் குறைந்தது மூன்று நாள் அவகாசம் என்று இருக்கிறது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த வாரமே பணம் திரும்பி வந்தது. அன்று அவளுக்குப் பெரிய கோப்பை பபிள் டீ வாங்கிக் கொடுத்தேன், சர்க்கரை பாதி, ஐஸ் குறைவாக.

கடைசியில் வீடு கிடைத்தது இணையத்தில் இல்லை. ஊர் திரும்பவிருந்த தமிழ் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். “தம்பி, லிஃப்ட் கிடையாது, நாலாவது மாடி. ஆனா அடுப்பு இருக்கு, நாலு வருஷமா சாம்பார் வச்சிருக்கேன். வேணும்னா சொல்லு, அந்தம்மாகிட்ட பேசுறேன்.” மறுநாளே போய் நின்றேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனார். அடுப்புக்கு மேலே இருக்கும் புகைப்போக்கி இயந்திரத்தின் அடியில் சின்ன எண்ணெய்க் கிண்ணம் ஒன்று தொங்கும். அதைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்தார். அடியில் மஞ்சள் நிறத்தில் விரற்கடை உயரத்துக்கு எண்ணெய், அதில் இரண்டு கடுகு மிதந்தது. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அம்மா சிரித்தார். மாதம் ஒரு முறை இதைக் கொட்டிக் கழுவ வேண்டும், சம்மதமா என்றார். சம்மதம். மசாலாவுக்காக மூன்று மாத வாடகை டெபாசிட் என்று ஆரம்பித்தார்; சட்டப்படி இரண்டுக்கு மேல் வாங்க முடியாது என்று தோழி பணிவாகச் சொன்னதும் இறங்கிவிட்டார். ‘சமைக்கலாம், புகைப்போக்கியைக் கழுவுவது குடியிருப்பவர் பொறுப்பு’ என்று ஒப்பந்தத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதி, அவர் முத்திரை குத்த, நான் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டேன். முகவரி மாற்றம் அரை மணி நேர வேலை.

கேஸ், சிலிண்டர்தான். கடைக்குப் போன் செய்தால் ஆள் தோளில் சுமந்துகொண்டு நாலு மாடி ஏறி வருகிறார். கேட்டால் மூச்சு வாங்காமல் சிரிக்கிறார். பழைய வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டர் பால்கனியில் இருக்கும். குளிருது என்று அந்தப் பால்கனி ஜன்னலை முழுக்கச் சாத்திவிட்டுக் குளிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குளிர்காலத்தில் இங்கே அதனால் உயிர் போகிறது.

ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு: மிக்சி வேண்டாம். இங்கே மின்சாரம் 110 வோல்ட். ஏசிக்கு மட்டும் 220இல் தனிப் பிளக் இருக்கும், அதில் கை வைக்காதீர்கள். அடுப்பு இல்லாமல் இண்டக்‌ஷனில் சமைக்கப் போகிறவர்கள் அலுமினியக் குக்கரைத் தூக்கி வர வேண்டாம், சூடாகாது. இட்லிப் பானையும் தேவையில்லை. ஊரெல்லாம் வைத்திருக்கும் தாதுங் மின்குக்கர் போதும். வெளிப்பாத்திரத்தில் ஒரு கப் தண்ணீர் ஊற்றி, உள்ளே தட்டை வைத்து, நெம்புகோலை அழுத்தினால் தண்ணீர் வற்றியதும் டக்கென்று மேலே வரும், இட்லி வெந்திருக்கும். ஜனவரியில் மாவு புளிக்காது. வெளிப்பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மாவை உள்ளே மூடி வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

புளி, தேங்காய்ப்பால் எல்லாம் ரயில் நிலையத்தை ஒட்டிய இந்தோனேசிய, வியட்நாமியக் கடைகளில் கிடைக்கும். துவரம்பருப்பை ஆன்லைனில் போட்டு, பக்கத்து செவன் இலெவனில் போய் வாங்கிக்கொள்ளலாம். அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுத்தாலும் பச்சைக் கறிவேப்பிலை, பழம், மட்டன் ஊறுகாய் எதுவும் பெட்டியில் வேண்டாம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பயத்தில் இறைச்சி என்றாலே கெடுபிடி; பன்றி இறைச்சி என்றால் 2,00,000 தைவான் டாலர் அபராதம், முதல் தடவையிலேயே.

இப்போது ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம். இந்த முறை வீட்டுக்கார அம்மாவின் மகன் பார்த்துக்கொள்கிறார். அழகாகக் கணினியில் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார். வாடகை ஏறவில்லை, தேதி சரி, பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறது. ஓரத்தில் பேனாவால் எழுதிய அந்த வரியை மட்டும் காணோம். சேர்த்து அனுப்பச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். செய்தியைப் படித்துவிட்டார், பதில் வரவில்லை.