லீவர் கல்லு மாதிரி இறுகினா நல்ல பிறேக் எண்டு நம்பாதேங்கோ

வலது முழங்காலில காயம் இன்னும் காயேல்ல, அதோடதான் இருந்து எழுதிறன். ஆரிட்டயாவது வெளிநாட்டில இருந்து வந்த பழைய ரூறிங் (தூரப் பயணச்) சைக்கிள் இருந்து, அதில கண்டிலீவர் பிறேக் (றிம்மின்ர ரெண்டு பக்கமும் இருக்கிற ரெண்டு கையை நடு வயர் ஒண்டு மேல இழுக்கிற வகை) இருந்து, லீவர் மாத்தவேண்டி வந்தா, கடைக்கு வெளிக்கிட முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ. நான் பட்டது காணும்.

சைக்கிள் ஜேர்மனியில இருக்கிற சித்தப்பாவின்ரை. 90களில வாங்கினவர். 2022ல இஞ்ச நாங்கள் பெற்றோலுக்குப் படுற பாட்டைக் கேட்டுட்டு கப்பல் பார்சலில போட்டுவிட்டவர். முன்னுக்கும் பின்னுக்கும் கரியர், கியர், அலுமினிய றிம், நல்ல சாமான். ஆனா பெட்டியைத் திறக்க ரெண்டு பிறேக் லீவரும் உடைஞ்சு கிடந்தது, அதோட சைக்கிள் அப்பிடியே விறாந்தையில ஓரமா நிண்டிட்டுது. இந்தமுறை வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிற வற்றாப்பளை அம்மனிட்ட சைக்கிளில போறன் எண்டு அம்மாட்ட சொல்லிப்போட்டன். பரந்தனில ஏ35 றோட்டுக்குத் திரும்பினா முல்லைத்தீவு மட்டும் 50 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல, றோட்டும் மட்டம், அப்ப பிறேக்கை மட்டும் சரியாக்கினாக் காணும்தானே.

கழட்டித் துப்பரவாக்கினது ஒரு பின்னேர வேலை. போர்க்கில பிறேக் கை கொழுவிற குத்தி ரெண்டையும் எமரி பேப்பரால தேய்ச்சு, மெல்லிசா கிறீஸ் பூசி, ஸ்பிறிங்கை மூண்டு ஓட்டையில நடு ஓட்டையில விட்டுப் பூட்டினன். சில்லு நெளிவு எடுக்கிறதும் அண்டைக்கே முடிஞ்சுது.

லீவரிலதான் எல்லாம் பிழைச்சது. யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில போய் ஒரு பெரிய சைக்கிள் கடையில, உடைஞ்ச லீவரையும் போனில எடுத்த படத்தையும் காட்டி, இது கண்டிலீவர் பிறேக், இதுக்குப் பொருந்திற லீவர் வேணும் எண்டு வடிவாச் சொன்னனான். நிண்ட பெடியன் படத்தை ஒழுங்காப் பாக்கக்கூட இல்லை. "அண்ணை, இப்ப எல்லாத்துக்கும் இதுதான், நம்பிக் கொண்டுபோங்கோ" எண்டு ஒரு சோடி பளபளக்கிற லீவரைப் பெட்டியோட தந்தார். பெட்டியில வி பிறேக் (அது வேற வகைப் பிறேக்) எண்டு இருந்ததை நான் கண்டனான். கேட்டதுக்கு அது சும்மா பேர்தான் எண்டிட்டார். மூவாயிரத்துக்கு மேல குடுத்து வாங்கினன்.

வீட்ட வந்து பூட்டி வயர் இழுத்துப் பிடிச்சுப் பாத்தா லீவர் கல்லு மாதிரி நிண்டிது. கொஞ்சம்தான் அமருது, உடன பிறேக் கட்டை றிம்மில போய் இறுகுது. நான் சரியான சந்தோசப்பட்டன். சின்ன வயசில இருந்து ஓடின சைக்கிளெல்லாம் லீவர் ஹாண்டிலில போய் முட்டுமட்டும் அமத்தினாத்தான் நிக்கும், அதால இறுக்கமா இருக்கிறதுதான் நல்ல பிறேக் எண்டு மனசில பதிஞ்சு கிடந்தது. அந்த நினைப்புத்தான் என்னை விழுத்தினது.

பின் கரியரில 15 கிலோ அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு தருமபுரம் மட்டும் ஒரு ஓட்டம் பாப்பம் எண்டு வெளிக்கிட்டன். வன்னி றோட்டு தெரியும்தானே, பின்னேரம் மாடுகள் பட்டிக்குத் திரும்பிற நேரம். ஒரு நாம்பன் திடீரெண்டு றோட்டுக்கு ஏறிச்சுது, ரெண்டு லீவரையும் விரல் நோக நோக அமத்திறன், சைக்கிள் வேகம் குறையுதே தவிர நிக்கேல்ல. மாட்டோட மோதாமல் ஓரத்துக்கு வெட்டினன், கிரவலில சில்லு சறுக்கிச் சைக்கிளோட விழுந்தன். பின்னால வாகனம் ஒண்டும் வரேல்ல. வந்திருந்தா இதை எழுத நான் இல்லை.

அடுத்த நாள் முழுக்கக் கட்டையைத்தான் குறை சொன்னன். கட்டை இறப்பர் முப்பது வருசப் பழசு, காய்ஞ்சு நகம் மாதிரி இருந்தது, அதையும் பிழை எண்டு சொல்லேலாது. திருப்பியும் யாழ்ப்பாணம், திருப்பியும் அதே கடை. அவையள் தந்த கட்டையில தண்டு மரை வெட்டினது. என்ர பிறேக்கில கட்டையின்ர தண்டு மழுமழு எண்டு இருக்கும், ஒரு கண் போல்ட்டுக்குள்ளால விட்டு இறுக்கிறது. ரெண்டும் ஒண்டுக்கொண்டு பொருந்தாது. வீட்ட வந்துதான் கண்டன். ஒரு நாளும் பஸ் காசும் போச்சுது. கட்டை வாங்கப் போறவை பழைய கட்டையைக் கையில கொண்டுபோங்கோ, தண்டைப் பக்கத்தில வைச்சுப் பாக்காமல் காசு குடுக்காதேங்கோ.

கடைசியா எங்கட சந்தியில சைக்கிள் திருத்திற ஐயாட்டத்தான் கொண்டுபோனன். முதலே போயிருக்கவேணும். கியர் சைக்கிள் எண்டா அவருக்குப் பழக்கமிராது எண்டு நினைச்சது என்ர பெரிய பிழை. இடப்பெயர்வுகளில ஒரு குடும்பத்தின்ர முழுச் சாமானையும் ஏத்தின சைக்கிளுகளை ஓட்டுப்போட்டு, கம்பி மாத்தி ஓடவைச்ச மனுசன். கண்டிலீவர் எண்ட பேர் அவருக்குத் தெரியாது. லீவரை ரெண்டு தரம் அமத்திப் பாத்தார், பிறகு அடிமட்டம் எடுத்து லீவரின்ர அச்சுக்கும் வயர்க் குண்டு கொழுவிற இடத்துக்கும் இடையில அளந்தார். கிட்டத்தட்ட 3 சென்ரிமீற்றர். உடைஞ்சு கிடந்த பழைய லீவரில அளந்தா அதைவிட நல்லாக் குறைவு.

"தம்பி, துலா மிதிச்சிருக்கிறியோ? அச்சு எங்க இருக்குதோ அதைப் பொறுத்துத்தான் பாரம் தூக்கும். உந்த லீவர் வயரைக் கனக்க இழுக்குது, ஆனாப் பலமா இழுக்கேல்ல. உனக்கு இறுக்கமாத் தெரியிறது பிறேக்கின்ர பலமில்லை, நீ குடுக்கிற பலம் அங்க போய்ச் சேராமல் இஞ்சயே முட்டி நிக்குது" எண்டார்.

இதைத்தான் எல்லாரும் விளங்கிக்கொள்ளவேணும். வி பிறேக்கின்ர கை நீளம், அதுக்கு வயர் கனக்க இழுபடவேணும், அதுக்கெண்டு செய்த லீவர் அது. கண்டிலீவருக்கு வயர் கொஞ்சம் இழுபட்டாக் காணும், ஆனா பலமா இழுபடவேணும். வி லீவரைக் கண்டிலீவரில பூட்டினா கையுக்கு இறுக்கமா இருக்கும், சைக்கிள் நிக்காது. மறுவளமாப் பூட்டினா லீவர் பஞ்சு மாதிரி ஹாண்டில் மட்டும் போகும். சில ஷிமானோ லீவரில ரெண்டுக்கும் மாத்தி வைக்கக்கூடிய மாதிரி வி எண்டும் சி ஆர் எண்டும் ஆங்கில எழுத்தில அடையாளம் இருக்கும், அது கிடைச்சா சி ஆர் பக்கம் வையுங்கோ.

பேந்து ஐயா உள்ளுக்குப் போய் ஒரு தகரப் பேணியைக் கவிட்டு, சாதாரண லுமாலா சைக்கிளின்ர வயர் பிறேக்குக்குப் போடுற லீவர் ஒரு சோடி எடுத்தார். கழட்டி வைச்ச பழைய சாமான். அளந்தா என்ர உடைஞ்ச லீவரோட கிட்டத்தட்டச் சரி. காசு வாங்க மாட்டன் எண்டவருக்கு வலுக்கட்டாயமா முந்நூறு ரூபாய் குடுத்தன். யாழ்ப்பாணக் கடைக்குப் போன் எடுத்துக் கேட்டா, பூட்டினதைத் திருப்பி எடுக்கேலாது எண்டு சொல்லி வைச்சிட்டினம். எங்கட சந்தியில முந்நூறு ரூபாய்க்குக் கிடந்த சாமானுக்கு அவ்வளவு காசும் மூண்டு நாளும் போனது எனக்கு இப்பவும் ஆறேல்ல.

லீவர் மாத்தினதோட வேலை முடியேல்ல. நடு வயரையும் ரெண்டு கையையும் தொடுக்கிற குறுக்கு வயர் இருக்கு, அந்த முக்கோணத்தின்ர உச்சியில வயரைப் பிடிக்கிற கொக்கி இருக்கு, அதை நான் தேவைக்கு மிஞ்சின உயரத்தில வைச்சிருந்தனான். கொக்கி உயர உயரப் பிறேக் பலம் குறையும். கீழ இறக்கினாப் பலம் கூடும், ஆனா லீவர் கூடத் தூரம் அமரும். கையின்ர அச்சில இருந்து குறுக்கு வயர் கொழுவிற இடத்துக்கு ஒரு கோடு கீறினா, குறுக்கு வயர் அந்தக் கோட்டுக்குச் செங்குத்துக்குக் கிட்ட வந்தா நல்ல பலம். நாங்கள் ரெண்டு தரம் கழட்டிக் கழட்டி இறக்கி, மட்காட்டுக்கு மேல ரெண்டு விரல் இடைவெளியில நிப்பாட்டினம். லீவர் இப்ப முந்தி மாதிரிக் கல்லா இல்லை, கொஞ்சம் மெத்துமெத்து எண்டுதான் அமருது, ஆனா ரெண்டு விரலால அமத்தச் சில்லு நிக்குது. அந்த நேரம் எனக்கு அழுகை வரப்பாத்தது, மெய்யாத்தான்.

கட்டை பூட்டிறதுதான் பொறுமை கேக்கிற வேலை. உயரம், சரிவு, முன்பின், உள்வெளி எல்லாத்தையும் ஒரே ஒரு நட்டுத்தான் பிடிக்குது, ஒண்டைச் சரியாக்க மற்றது பிசகும். பின்னுக்கு 10 சாவி, முன்னுக்கு 5 அலன் கீ, ரெண்டையும் ஒண்டாப் பிடிக்காட்டி நட்டு இறுக இறுகக் கட்டையும் சேந்து திரும்பும். நான் செய்தது: கட்டையின்ர பின் நுனிக்கும் றிம்முக்கும் இடையில சவர்க்காரப் பெட்டி மட்டை ஒரு துண்டு வைச்சு, மருமகனை லீவரை மெல்லமா அமத்திப் பிடிக்கச் சொல்லி, அந்த நிலையிலயே இறுக்கினன். மட்டையை எடுத்தா முன் நுனி ஒரு மில்லிமீற்றர் அளவு முந்திப் படும், கீச்சிடாது. பழைய கட்டையெண்டா முகத்தை எமரி பேப்பரில தேய்ச்சு புது இறப்பர் தெரியப் பண்ணுங்கோ. எங்கட செம்மண் தூசியும் கிரவல் பொடியும் இறப்பருக்குள்ள ஏறி இருந்து றிம்மைக் கீறும், ஊசியால குத்தி எடுக்கவேணும், நான் எடுத்ததில அலுமினியத் துணுக்கும் வந்தது.

இன்னொண்டு, கட்டையை றிம்மில எவ்வளவு மேல வைக்க ஏலுமோ அவ்வளவு மேல, ஆனா ரயரில முட்டாமல் வையுங்கோ. கண்டிலீவரில கட்டை தேயத் தேயக் கீழ இறங்கிக்கொண்டு வரும், கவனிக்காமல் விட்டா ஒருநாள் றிம்முக்குக் கீழால நழுவிக் கம்பிக்குள்ள போகும். முன் சில்லில அது நடந்தா ஆள் தப்பேலாது. அதே மாதிரி முன் மட்காட்டைப் பாரமெண்டு கழட்டாதேங்கோ. நடு வயர் அறுந்தா குறுக்கு வயர் ரயரில விழுந்து சில்லைப் பிடிச்சிடும், மட்காட் இருந்தா அதில தங்கும். பிறேக்குக்குக் கியர் வயரின்ர அவுட்டரை (வயருக்கு மேல வாற உறையை) போடுறவையும் இருக்கினம். அதுக்குள்ள கம்பிகள் நீளவாக்கில கிடக்கும், பிறேக் இழுவைக்கு வெடிச்சுப் பிரியும்.

சில்லுக் கழட்டக் குறுக்கு வயரின்ர ஒரு பக்கத்தை விடுவிச்சா, திருப்பிக் கொழுவினதோ எண்டு லீவரை அமத்திப் பாக்காமல் ஏறாதேங்கோ.

திருத்தினாப் பிறகு அதே அரிசி மூட்டையோட இரணைமடுக் குளக்கட்டால இறங்கிற சரிவில மூண்டு தரம் விட்டுப் பிடிச்சுப் பாத்தன், மூண்டு தரமும் நினைச்ச இடத்தில நிண்டிது. பொங்கலண்டு விடிய நாலரைக்கு வெளிக்கிட்டன். விசுவமடு தாண்ட புது வயர் கொஞ்சம் இழுபட்டு லீவர் தளர்ந்த மாதிரி இருந்தது, நிப்பாட்டி லீவரடியில இருக்கிற திருகாணியை அரைச் சுத்து வெளிய எடுத்தன், அவ்வளவுதான். புதுக்குடியிருப்புக்கிட்ட இந்தமுறை ஆட்டுக்கூட்டம், நல்ல தூரத்திலயே நிண்டன். கோயில் வாசலில சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு முதல் வேலையா ஐயாக்குத்தான் போன் எடுத்தனான், "கட்டை எவ்வளவு தேய்ஞ்சிருக்கு எண்டு பாத்தனியோ?" எண்டு கேட்டார்.