வண்டு இரைந்த வயல்

2025 யூன் 14, கிளிநொச்சி

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்யும் பக்கத்து வயலில் இன்று ட்ரோன் கொண்டு மருந்து தெளித்தார்கள். இரைச்சல் கேட்டதும் அம்மா முற்றத்தில் காய்ந்த மிளகாயைப் பாயோடு அள்ளிக்கொண்டு உள்ளே போனார்; கேட்டதற்கு, மழை வரும்போல இருந்தது என்றார். வானத்தில் ஒரு முகிலும் இல்லை. போர்க்காலத்தில் வேவு விமானத்தை ‘வண்டு’ என்போம். அது சுற்றினால் பின்னால் கிபிர் என்ற குண்டுவீச்சு விமானமோ ஷெல்லோ வரும் என்பது 2009 வரை வன்னியில் குழந்தைகளுக்கும் தெரியும்.

யூன் 17

அம்மாவைப் பற்றி மட்டும் எழுதியது நேர்மையில்லை. சென்ற மாதம் கமக்கார அமைப்பின் கூட்டத்தில் ட்ரோன் வேண்டாம் என்று அதிகம் வாதிட்டவள் நான். மருந்து காற்றில் பரவும், கிணற்றில் படியும், கூலியாட்களின் வேலை போகும் என்றேன். இவை வீண் அச்சங்கள் அல்ல. ஆனால் முதுகில் சுமந்து தெளிக்கும் மருந்தும் காற்றில் பரவுமே, அதைப் பற்றி நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

வெறுப்பு என்பது துன்பத்தைத் தொடர்ந்து வந்து தங்குவது என்கிறது பதஞ்சலியின் யோகசூத்திரம் (2.8). பட்டது சித்தத்தில், அதாவது மனத்தில், சம்ஸ்காரம் என்னும் தடமாகப் பதிந்து, வாசனை என்னும் பழக்கச் சாயலாக ஊறிக் கிடந்து, ஒத்த ஒலி கேட்டதும் விருத்தி என்னும் மன அசைவாக எழுகிறது. எழுந்த பின்னரே புத்தி அதற்குக் காரணம் தேடுகிறது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். அப்படித் தேடிய காரணத்தைத்தான் என் கொள்கை என்று நம்பியிருந்தேன்.

யூன் 18

2012இல் பிறந்த தம்பியின் மகன், ட்ரோனுக்குப் பின்னால் வரம்பு வழியே ஓடினான். அவனுக்கு வண்டு என்றால் பூச்சிதான்.

யூன் 22

தீய எண்ணம் வருத்தும்போது எதிரானதைப் பாவனை செய் என்கிறது 2.33. இந்த விடயத்தில் அதை அவசரமாகப் பிடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அன்று பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், ஓடியது மயக்கமன்று, பிரமாணம், அதாவது சரியான அறிவு. ஓடாதவர்கள் பலர் இன்று இல்லை. காலம் மாறிய பின்னும் அதே அறிவு நிற்பதுதான் விபரியயம், அதாவது பிழையுணர்வு. வெறுப்பு போன்ற, மனத்தை வருத்தும் கிலேசங்கள் உறங்கியும், மெலிந்தும், இடையறுந்தும், முழுவீச்சிலும் இருக்கும் என்று 2.4 வகுக்கிறது. என்னுடையது மெலிந்ததென்று எண்ணியிருந்தேன், உறங்கியிருக்கிறது.

இன்று தெளிப்பு முடியும்வரை வரம்பில் நின்றேன். கால்கள் நின்றன; கண் மட்டும் பழைய பங்கர் இருந்த முருங்கையடியையே பார்த்துக்கொண்டிருந்தது.