ஷெல் ஸ்கிரிப்ட்டில் ரவுண்டு செய்வது: அரையும் கழித்தல் குறியும்

லினக்ஸ் கட்டளைகளை இயக்கும் பாஷ் (bash) ஷெல்லின் கணக்கில் தசமமே கிடையாது. $((7/4)) கேட்டால் 1 வரும். 1.75-ஐ அது ரவுண்டு செய்வதில்லை, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிப் போடுகிறது. $((2.5)) என்று எழுதினால் பிழைச் செய்திதான் கிடைக்கும்.

முழு எண்கள் மட்டும் போதுமென்றால் வேறு கருவியே தேவையில்லை. வகுக்கும் எண்ணில் பாதியை முதலில் கூட்டிவிட்டு வகுங்கள்: $(( (7+2)/4 )) சரியாக 2 தரும். எப்போதும் மேல்நோக்கிப் போகவேண்டுமானால், பக்கங்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது போல, பாதிக்குப் பதிலாக வகுக்கும் எண்ணில் ஒன்று குறைத்துக் கூட்டவேண்டும்.

இது சறுக்குவது கழித்தல் எண்களில். -17-ஐப் பத்தால் வகுத்தால் -2 வரவேண்டும். ஆனால் $(( (-17+5)/10 )) என்பது -12/10 ஆகி, பூஜ்யத்தை நோக்கி வெட்டப்பட்டு -1 ஆகிவிடும். எண் பூஜ்யத்துக்குக் கீழே என்றால் பாதியைக் கழிக்கவேண்டும்: $(( (-17-5)/10 )). வெப்பநிலை, இருப்பு வித்தியாசம் போன்றவற்றைக் கையாளும் ஸ்கிரிப்ட்டில் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

சதவீதத்தில் வரிசை முக்கியம். $((2/3*100)) பூஜ்யம்தான். முதலில் பெருக்குங்கள்: $(( (2*100+1)/3 )) என்றால் 67.

தசமம் வந்துவிட்டால் பலரும் எண்ணை வேண்டிய வடிவில் அச்சிடும் பிரிண்ட்எஃப் (printf) கட்டளையின் பக்கம் போகிறார்கள். நல்ல வழிதான், ஆனால் லினக்ஸில் தசமமின்றி அச்சிடச் சொன்னால் 2.5 என்பது 2 ஆகும், 3.5 என்பது 4 ஆகும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளுவது, கணினியில் தசம எண்களைக் கையாளும் ஐஇஇஇ 754 (IEEE 754) தரத்தின் இயல்பான விதி. பள்ளியில் படித்த 'ஐந்தென்றால் மேலே' அங்கே செல்லாது.

உரையை வரிவரியாகக் கையாளும் ஆக் (awk) கருவியிலும் அதே விதிதான், கூடவே இரும எண்ணின் சிக்கலும் உண்டு. 1.005-ஐ இரண்டு தசமத்துக்குக் கேட்டால் 1.00 தரும். நினைவகத்தில் அந்த எண் 1.005-ஐவிட மயிரிழை குறைவாகவே பதிவாகிறது, அதனால் கீழே விழுகிறது.

பணக்கணக்கென்றால் பிசி (bc) என்ற கணக்குக் கருவியை நம்பலாம், அது தசமத்தை அப்படியே வைத்துக் கணக்கிடும். ஸ்கேலை (scale, புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதை) 2 என்று வைத்து (1.005+0.005)/1 கொடுத்தால் 1.01. கடைசியில் இருக்கும் அந்த /1 அவசியம்: ஸ்கேல் கூட்டலை வெட்டாது, வகுத்தலைத்தான் வெட்டும். கழித்தல் எண்ணுக்கு இங்கேயும் 0.005-ஐக் கழிக்கவேண்டும். இன்னொன்று, 2/3 கேட்டால் முன்னால் பூஜ்யமில்லாமல் .66 என்று வரும்.

தசமத்துக்குக் காற்புள்ளி போடும் லோகேலில் (மொழி, நாட்டுக்கான அமைப்பில்) பாஷின் பிரிண்ட்எஃப் 3.14-ஐ ஏற்காது, பிழை காட்டிவிட்டு 3,00 என்று அச்சிடும். அந்த ஒரு வரிக்கு மட்டும் எல்சி_ஆல் (LC_ALL) மாறியைச் 'சி' (C) என்று வையுங்கள். ஸ்கிரிப்ட் முழுக்க வைத்தால் தமிழ் எழுத்துகளின் நீளத்தை பைட் கணக்கில் எண்ணத் தொடங்கிவிடும்.

தேதியிலிருந்து வரும் 08, 09 எண்களிலும் கவனம் தேவை. முன்னால் பூஜ்யம் இருந்தால் எட்டடிமான எண் என்று பாஷ் எடுத்துக்கொள்ளும், 8 அதில் இல்லை என்பதால் பிழை வரும். $((10#08)) என்று எழுதினால் 8 கிடைக்கும்.