மேசைக் கணினிக்கு எல்சிடி மானிட்டர்: எந்த எண்ணை நம்புவது?

மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை அங்குலம் என்பதைத்தான். அந்த அளவு திரையின் ஒரு மூலைக்கும் எதிர்மூலைக்கும் இடையிலான தூரம் மட்டுமே. எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. 24 அங்குலத் திரையிலும் 27 அங்குலத் திரையிலும் அதே 1920 x 1080 பிக்சல்கள்தாம் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள்) இருக்கின்றன என்றால், சிறியதில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல்களும் பெரியதில் 82 பிக்சல்களும் அமையும். ஆகவே பெரியதை வாங்குபவர் கூடுதலாக ஒரு வரியைக்கூடத் திரையில் காணப்போவதில்லை. அதே வரிகளைச் சற்றுப் பிசிறோடு காண்பார்.

நாள் முழுவதும் படிப்பதும் எழுதுவதுமே வேலை என்பவர், இந்த பிக்சல் அடர்த்தியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழ் எழுத்துகளுக்கு இது இன்னும் முக்கியம். ண, ன ஆகியவற்றின் சுழிகளும், மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியும் சிறிய எழுத்தளவில் இரண்டொரு பிக்சல்களுக்குள் அடங்கிவிடுவதால், அடர்த்தி குறைந்த திரையில் அவை ஒன்றோடொன்று கலங்கித் தெரிகின்றன. 27 அங்குலத்தில் 2560 x 1440 பிக்சல்கள் இருந்தால் அடர்த்தி 109 ஆகிறது. 4கே எனப்படும் 3840 x 2160 இருந்தால் 163 ஆகிறது. 4கே திரையில் எழுத்து மிகச் சிறிதாகத் தோன்றுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. இயங்குதளத்தின் அமைப்புகளில் உருப்பெருக்கத்தை 150 சதவீதமாக வைத்துக்கொண்டால் எழுத்து வழக்கமான அளவிலும், அச்சிட்டதைப் போன்ற கூர்மையோடும் இருக்கும். எழுத்தைப் பெரிதாக்குவதற்காக ரெசல்யூஷனை, அதாவது கணினி அனுப்பும் படத்தின் பிக்சல் எண்ணிக்கையை, குறைப்பதுதான் தவறான வழி. எல்சிடியில் பிக்சல்களின் எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. வேறோர் எண்ணிக்கையில் படத்தை அனுப்பினால் அதை இழுத்துப் பொருத்த நேர்வதால் எல்லாமே மங்கிவிடும்.

4கே வாங்குபவர் தம் கணினியின் இணைப்பு வாயிலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 மட்டுமே உள்ள பழைய கணினி, அந்த ரெசல்யூஷனில் நொடிக்கு 30 படங்களுக்கு மேல் அனுப்பாது. மவுஸ் குறி தத்தித் தத்தி நகர்வதைப் பார்த்துவிட்டு மானிட்டரைக் குறை சொல்வதில் பயனில்லை. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 தேவை.

படத்தைக் காட்டும் எல்சிடி பலகையான பேனல், டிஎன், விஏ, ஐபிஎஸ் என்ற வகைகளில் வருகிறது. இவற்றில் டிஎன் விலை மலிவானது. ஆனால் பார்க்கும் கோணம் சற்று மாறினாலே நிறம் மாறும், கீழிருந்து பார்த்தால் படம் இருண்டுவிடும். விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும். ஒளிமாறுபாடு (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம்) 3000:1 என்ற அளவில் கிடைப்பதால் இருட்டறையில் படம் பார்ப்பவர்களுக்கு ஏற்றது, எனினும் இருண்ட காட்சிகளில் அசையும் பொருள்களின் பின்னே நிழல் போல ஒரு தடம் தெரியக்கூடும். ஐபிஎஸ்ஸின் ஒளிமாறுபாடு பெரும்பாலும் 1000:1 அளவில்தான் இருக்கும்; ஆனால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதும் மாறுவதில்லை. பொதுவான பயன்பாட்டுக்கு நான் ஐபிஎஸ்ஸையே பரிந்துரைப்பேன்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் எண்களில் பலவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கோடிக்கணக்கில் சொல்லப்படும் டைனமிக் ஒளிமாறுபாடு, பேனலுக்குப் பின்னிருந்து வரும் பின்னொளியை முழுவதும் தாழ்த்தியும் ஏற்றியும் அளந்தது. ஒரே காட்சிக்குள் அது கிடைக்காது. பிக்சல் நிறம் மாற 1 மில்லிநொடி போதும் என்ற வேகமும் பெரும்பாலும் படத்தைக் கெடுக்கும் அளவுக்கு முடுக்கிவிட்ட அமைப்பில் பெறப்பட்டதே. ஒளி மிகுந்த இடங்களையும் இருண்ட இடங்களையும் ஒருசேர நன்றாகக் காட்டும் என்பதற்கான டிஸ்ப்ளே எச்டிஆர் 400 என்ற முத்திரைக்குத் திரையின் பகுதிகளைத் தனித்தனியே மங்கவைக்கும் வசதி கட்டாயமில்லை என்பதால், அதற்காகக் கூடுதல் விலை தர வேண்டாம். புதுப்பிப்பு வேகம் (திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது, ஹெர்ட்ஸில்) மட்டும் மெய்யான பயன் தருவது: 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கிறது, 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லிநொடிதான். விளையாடுபவர்களுக்கு இது அவசியம். மற்றவர்களுக்கு 60 போதும்.

விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத, மானிட்டரை நிறுத்தும் தாங்கியை நான் இவற்றுக்கெல்லாம் மேலாகக் கருதுகிறேன். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்கும்படி உயரத்தை மாற்ற முடியாவிட்டால், எவ்வளவு நல்ல பேனலும் கழுத்து வலியைத்தான் தரும். அத்தகைய தாங்கி இல்லாவிட்டால், பின்புறம் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு வீசா துளைகளாவது (வேறு தாங்கியைத் திருகிப் பொருத்துவதற்கான பொதுத்தர அளவுத் துளைகள்) உள்ளனவா என்று பாருங்கள். பின்னர் மானிட்டரைத் தாங்கும் கை ஒன்றைத் தனியாகப் பொருத்திக்கொள்ளலாம்.

கடையில் ஓடும் வண்ணமயமான காணொளியைப் பார்த்து முடிவு செய்யாமல், எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திரையின் ஒளியைப் பாதியாகக் குறைத்து, வெள்ளைத் திரையின் முன் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள்; பென்சில் பல துண்டுகளாகத் தெரிந்தால் பின்னொளி விட்டுவிட்டு எரிகிறது, அது சிலருக்குக் கண்சோர்வைத் தரும். வீட்டுக்கு வந்ததும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களைத் திரை முழுவதும் நிரப்பி, செத்த பிக்சல்கள் உள்ளனவா என்று தேடுங்கள். ஒன்றிரண்டு பிக்சல்கள் பழுதாக இருப்பதை உத்தரவாதம் குறையாக ஏற்காமல் போகலாம் என்பதால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.