எஞ்சிய கரைப்பான்களும் ஹெட்ஸ்பேஸ் ஜிசியும்: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 3

மருந்துத் தயாரிப்பில் பயன்பட்டு அதிலேயே எஞ்சிவிடும் கரைப்பான்களை அளக்க வேண்டும்: மெத்தனால், டைகுளோரோமீத்தேன், டொலுவீன். மூடிய குப்பியைச் சூடாக்கி, மேலே சேரும் ஆவியை (ஹெட்ஸ்பேஸ்) வாயு நிறப்பிரிகைக் கருவிக்கு (ஜிசி) அனுப்புவதே முறை. ஐசிஎச் கியூ3சி (எஞ்சிய கரைப்பான்களுக்கான சர்வதேச வழிகாட்டி) வரம்புகள் முறையே 3000, 600, 890 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). டொலுவீன் பயன்பட்ட மருந்தென்றால் பென்சீனையும் தேடியாக வேண்டும். டொலுவீனோடு சேர்ந்தே அது வந்திருக்கலாம். அதன் வரம்பு வெறும் 2 பிபிஎம்.

20 மிலி குப்பியில் 100 மிகி மருந்து, அதைக் கரைக்க 1 மிலி டிஎம்எஸ்ஓ திரவம். வரம்பளவில் மெத்தனால் மில்லிக்கு 300 மைக்ரோகிராம், பென்சீன் 0.2. ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். பென்சீனுக்குத் தனி ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) போடுவதே நல்லது. மருந்து முழுக்கக் கரைய வேண்டும். கரையாத படிகத்துக்குள் சிக்கிய கரைப்பான் வெளியே வராது, முடிவு குறைத்தே காட்டும்.

மார்ச் 4

ஜிசியின் பிரிப்புக் குழாய்: 624 வகை கேப்பிலரி, 30 மீ, உள்விட்டம் 0.32 மிமீ, படலம் 1.8 மைக்ரான். அதன் அடுப்பு 40 டிகிரியில் 20 நிமிடம், பிறகு நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 240 வரை. எஃப்ஐடி (சுடர்வழி டிடெக்டர்) 250 டிகிரி.

குப்பி 80 டிகிரி, லூப் (ஆவியை அளந்து பிடிக்கும் குழாய்) 90, டிரான்ஸ்ஃபர் லைன் (அதை ஜிசிக்குக் கொண்டுபோகும் குழாய்) 105. இந்த ஏறுவரிசை மாறக் கூடாது. வழியில் எங்காவது குளிர்ந்த இடம் இருந்தால் டிஎம்எஸ்ஓ அங்கே படியும், பீக்குக்கு (வரைபடத்தில் ஒரு கரைப்பானைக் காட்டும் முகடு) வால் முளைக்கும், அடுத்த பிளாங்கிலும் (மாதிரி போடாத வெறும் டிஎம்எஸ்ஓ குப்பி) பழைய பீக் தலைகாட்டும்.

மார்ச் 5

ஆறு ஸ்டாண்டர்டு குப்பிகளில் ஒன்று மட்டும் எல்லாப் பீக்கிலும் ஒரே விகிதத்தில் குறைந்தால் முதல் சந்தேகம் மூடிமேல். கிரிம்ப் செய்த மூடி விரலால் திருகினால் சுழலக் கூடாது. அளவுக்கு மீறி இறுக்கினாலும் செப்டத்தின் (மூடிக்குள் இருக்கும் அடைப்புத் தகடு) நடுப்பகுதி குழிந்து கசியும். டெஃப்லான் பக்கம் உள்நோக்கி இருக்கட்டும். சிலிகோன் பக்கம் உள்ளே போனால் கரைப்பானை உறிஞ்சும்.

மார்ச் 9

ஸ்டாண்டர்டில் மருந்து இல்லை, மாதிரியில் இருக்கிறது. அதனால் ஆவிக்கும் கரைசலுக்கும் இடையிலான பங்கீடு மாறலாம். மாதிரியிலேயே தெரிந்த அளவு கரைப்பானைச் சேர்த்து மீட்பு (சேர்த்ததில் எத்தனை சதவீதம் திரும்பத் தெரிகிறது) பார்த்தால் குட்டு வெளிப்படும். 80 முதல் 120 சதவீதத்துக்குள் வராவிட்டால் தனிக் குப்பியில் போடும் வெளி ஸ்டாண்டர்டை விட்டுவிட்டு, மாதிரியிலேயே ஸ்டாண்டர்டைச் சேர்த்துக் கணக்கிடும் ஸ்டாண்டர்டு அடிஷனுக்கு மாறலாம்.

மார்ச் 10

பென்சீன் வெளிவரும் நேரத்தில் சின்ன பீக். 1,2-டைகுளோரோஈத்தேனும் 624-இல் ஏறக்குறைய அங்கேதான் வரும். வாக்ஸ் வகைக் கேப்பிலரியில் மறுபடி ஓட்டி உறுதிப்படுத்தும்வரை அதைப் பென்சீன் என்று எழுதக் கூடாது.

மார்ச் 12

என்டிஎம்ஏ வேறு ரகம்: கரைப்பான் அல்ல, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமீன் மாசு. ஒரு நாளைக்கு 96 நானோகிராம்தான் வரம்பு. நாளொன்றுக்கு 320 மிகி வால்சார்டனுக்குக் (இரத்த அழுத்த மருந்து) கணக்கிட்டால் 0.3 பிபிஎம். எஃப்ஐடி போதாது, மாஸ் டிடெக்டரில் எம்/இசட் (நிறைக்கும் மின்சுமைக்கும் உள்ள விகிதம்) 74 பார்க்க வேண்டும்.

பெரிய ஆபத்து சூடுதான். 2019-இல் ரானிடிடின் (வயிற்று அமில மருந்து) மாத்திரையில் என்டிஎம்ஏ இருப்பதாகக் கிளம்பிய விவகாரத்தில், 130 டிகிரி ஹெட்ஸ்பேஸ் சூட்டில் மருந்திலிருந்தே என்டிஎம்ஏ உருவாவதாகச் சொன்ன அமெரிக்க எஃப்டிஏ, மாதிரியை அப்படிச் சூடாக்காத எல்சி-மாஸ் (திரவ நிறப்பிரிகையும் மாஸ் டிடெக்டரும்) முறைக்குப் போகச் சொன்னது. நைட்ரைட்டும் டைமெத்திலமீனும் எஞ்சியிருக்கும் மாதிரியிலும் குப்பிக்குள்ளேயே அது பிறக்கலாம்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரே மாதிரியை 15, 30, 60 நிமிடம் சூடாக்கிப் பார்க்கவும். ஸ்டாண்டர்டு 30 நிமிடத்தில் சமநிலை அடைந்து அப்படியே நிற்க, மாதிரியில் மட்டும் பீக் ஏறிக்கொண்டே போனால் அந்த எண்ணை அறிக்கையில் போடக் கூடாது. எல்சி-மாஸில் மறுபடி அளக்க வேண்டும்.