பேராயர் ரோஸ் ஆண்டகையின் தடத்தில்: ஆலுவா முதல் அழிக்கோடு வரை

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேரளத்தின் கொடுங்கல்லூரில் பேராயராக இருந்த இயேசு சபைத் துறவி பிரான்சிஸ்கோ ரோஸ் ஆண்டகை வாழ்ந்த இடங்களைத் தரிசிக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் தவறுவது ரயில் டிக்கெட்டில்தான். 'பரவூர்' என்று முன்பதிவு செய்தால் கொல்லம் பக்கத்துப் பரவூரில் கொண்டுபோய் விட்டுவிடும். நாம் போக வேண்டியது வடக்கன் பரவூர். அங்கே ரயில் நிலையம் இல்லை. ஆலுவாவில் இறங்கி, பஸ்ஸில் சுமார் 17 கி.மீ. போக வேண்டும்.

வடக்கன் பரவூரிலிருந்து 4 கி.மீ. தொலைவில் சேந்தமங்கலம். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், யூதர் ஜெபாலயம் நான்கும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குள் நிற்கும் ஊர். இங்கேதான் இயேசு சபையாரின் வைப்பின்கோட்டைக் குருமடம் இருந்தது. இப்போது சிதிலச் சுவர்களே மிச்சம். மழைக்காலத்தில் பாசி வழுக்கும், செடி மண்டிக் கிடக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. யூதர் ஜெபாலயம் அருங்காட்சியகமாகிவிட்டது, அதையும் பார்க்க விரும்பினால் திங்கட்கிழமையைத் தவிருங்கள்.

இந்தச் சுவர்களுக்கு நடுவில் சற்று நேரம் ஜெபத்தில் இருங்கள். ஸ்பெயினின் ஜெரோனாவிலிருந்து வந்த ரோஸ் சுரியானி மொழி கற்பித்தது இந்தக் குருமடத்தில்தான். ஏன் சுரியானி? 1541-ல் கொடுங்கல்லூரில் பிரான்சிஸ்கு சபையார் தொடங்கிய குருமடத்தில் லத்தீன் மட்டுமே சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே படித்து வந்த குருக்களை மார்த்தோமா கிறிஸ்தவர்கள், அதாவது அப்போஸ்தலர் தோமாவிடமிருந்து விசுவாசம் பெற்றதாகச் சொல்லும் கேரளக் கிறிஸ்தவர்கள், தங்கள் பீடத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை. மக்கள் ஜெபித்த மொழி சுரியானி, மேற்கு ஆசியாவிலிருந்து வந்த பழைய வழிபாட்டு மொழி. ரோஸ் அதைக் கற்றார், கூடவே மலையாளமும் கற்றார்.

அந்த மொழியைக் காதாலேயே தரிசிக்கலாம். மார்த்தோமா கிறிஸ்தவர்களில் ரோமோடு இணைந்த பிரிவான சீரோ மலபார் சபையின் ஆலயத்தில் சுரியானி குர்பானா (பூசை) நடக்கும் நாளை முன்கூட்டியே பங்கு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்; வழக்கமான பூசை மலையாளத்தில்தான். 'கந்தீஷா ஆலாஹா', அதாவது 'பரிசுத்த இறைவா' என்று பாடுவார்கள். ரோமிலிருந்து பிரிந்த யாக்கோபாயா பிரிவின் ஆலயத்தில் அதே சொல் 'ஆலோஹோ' என்று ஒலிக்கும். முன்னது கிழக்குச் சுரியானி, பின்னது மேற்கு. 'ஆ'வும் 'ஓ'வும் மாறும் அந்த ஓரிடத்தில் ஒரு சபை பிரிந்த வரலாறே கேட்கிறது.

அந்த வரலாற்றில் ரோஸுக்கும் பங்கு உண்டு. அதை மறைக்கக் கூடாது. 1599 ஜூனில் போர்த்துகீசியர் கூட்டிய உதயம்பேரூர் சங்கத்தில், அதாவது திருச்சபைக் கூட்டத்தில், சுரியானி நூல்கள் பிழையென்று திருத்தப்பட்டன, பல எரிக்கப்பட்டன. ரோஸின் சுரியானிப் புலமை அந்தத் திருத்தத்துக்கும் பயன்பட்டது. இழந்த ஏடுகளுக்காக அந்த மக்கள் இன்றும் வருந்துகிறார்கள். திருப்பூணித்துறைக்குத் தெற்கே இருக்கும் உதயம்பேரூர் பழைய ஆலயத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

வடக்கன் பரவூர் திரும்பி, கொடுங்கல்லூர் பஸ்ஸில் ஏறி கோட்டப்புறத்திலேயே இறங்கிவிடுங்கள். நகருக்குள் போய்விட்டால் பின்னோக்கி வர வேண்டியிருக்கும். 1523-ல் போர்த்துகீசியர் கட்டிய கோட்டையின் சிதிலம் பெரியாற்றங்கரையில் இருக்கிறது. கொடுங்கல்லூரில்தான் ரோஸ் பேராயராக இருந்தார். அதற்கு முன் அவர் ஆயராக இருந்த அங்கமாலி மறைமாவட்டத்தை கோவாவுக்குக் கீழ் வைத்திருந்தார்கள். 1608-ல் அது மறுபடி பேராயமானது.

தமிழர்கள் இங்கே நன்றியோடு மண்டியிடக் காரணம் இருக்கிறது. மதுரை அன்று இந்தப் பேராயத்தின் கீழ் இருந்தது. காவி உடுத்தி, தமிழிலும் சமஸ்கிருதத்திலும் போதித்த மதுரையின் இத்தாலிய இயேசு சபைக் குரு, 'தத்துவ போதகர்' தே நோபிலியை அந்த முறைக்காக எதிர்த்தவர்கள் அநேகம். 1619-ல் கோவாவில் கூடிய விசாரணையில் அவர் பக்கம் நின்றவர் ரோஸ். 1623-ல் ரோமாபுரி நோபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறு வருடம் ரோஸ் இறைவனடி சேர்ந்தார்.

கொடுங்கல்லூரிலிருந்து அழிக்கோடு மார்த்தோமா திருத்தலம் பக்கம்தான், ஆட்டோ கிடைக்கும். இத்தாலியின் ஒர்த்தோனாவிலிருந்து 1953-ல் கொண்டுவந்த, அப்போஸ்தலர் தோமாவின் வலக்கை எலும்பு அங்கே வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பங்குனியில் கொடுங்கல்லூர் பரணி நாட்களில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. அந்த வாரம் மட்டும் வேண்டாம்.