21ஆம் அத்தியாயத்துக்கு அப்பால்

ஆர். எஃப். குவாங் எழுதிய ‘தி பாப்பி வார்’ 2018இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 21. அந்த நாவலை வாசித்த ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும், அவர் 21ஆம் அத்தியாயத்தைக் கடந்தவரா இல்லையா என்பது தெரிந்துவிடும். அதற்கு முன்பே நிறுத்தியவர்கள் பள்ளிக்கூடத்தையும் பயிற்சியையும் சிலாகித்துப் பேசுவார்கள். கடந்தவர்களோ, அதில் வரும் போர்க் கொடூரத்தை இவ்வளவு நேரடியாக எழுத வேண்டுமா என்பதைத்தான் முதலில் பேசுவார்கள்.

கதை நிக்கான் என்னும் கற்பனைப் பேரரசில் நடக்கிறது. போரில் பெற்றோரை இழந்து, அபின் கடத்தும் குடும்பத்தில் வளரும் ரின் என்ற பெண்ணை, வயதான அதிகாரி ஒருவருக்குக் கட்டிவைக்க வளர்ப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். தப்பிக்க அவளுக்கு ஒரே வழி, கேஜு என்னும் அரசுத் தேர்வில் வென்று தலைநகரின் ராணுவப் பள்ளியில் சேர்வதுதான். இரவில் கண் சொக்கும்போதெல்லாம் உருகிய மெழுகைத் தன் கையிலேயே ஊற்றிக்கொண்டு அவள் படிக்கும் காட்சி, போட்டித் தேர்வுக்குப் படித்த எவரையும் கட்டிப்போட்டுவிடும். பள்ளியில் சேர்ந்த பிறகு ஆசான், எதிரி, நண்பன், தெய்வங்களின் சக்தியைத் தன்னுள் அழைக்கும் ஷாமன் வித்தை என்று கதை பழகிய தடத்தில் ஓடுகிறது. பிறகு முகென் என்னும் தீவு நாடு படையெடுத்து வருகிறது. ‘இரண்டு புத்தகங்களை ஒன்றாகத் தைத்துவிட்டார்கள்’ என்று பலர் குறைப்படுவது இந்தத் திருப்பத்தை முன்னிட்டுத்தான். எனக்கு இந்தக் குறையில் அவ்வளவு உடன்பாடில்லை. அது ராணுவப் பள்ளி; அங்கே கற்பிக்கப்படுவது போர்; கற்றதைக் களத்தில் காணும்போது கதையின் தொனி மாறாமல் இருந்தால்தான் வியப்பு.

21ஆம் அத்தியாயத்தில் கோலின் நீஸ் என்னும் நகருக்கு ரின் வந்து சேர்கிறாள். வரலாறு தெரிந்தவர்களுக்கு அது எந்த நகரம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. 1937 டிசம்பர் 13 அன்று சீனாவின் நான்ஜிங் நகரம் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது. அதைத் தொடர்ந்த வாரங்களில் கொல்லப்பட்டவர்கள் 2 லட்சத்துக்கு மேல் என்பது டோக்கியோ போர்க்குற்றத் தீர்ப்பாயத்தின் மதிப்பீடு. சீன அரசு 3 லட்சம் என்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் ஆவணங்களிலிருந்து அப்படியே எடுத்து வைத்துவிட்டார், இதில் கற்பனை எங்கே இருக்கிறது என்று கேட்கும் வாசகர்கள் உண்டு. உண்மையில் நடந்த துயரத்தை டிராகன் கதைகள் இருக்கும் அலமாரியில் வைத்து விற்பது தகுமா என்பது இன்னும் கடுமையான கேள்வி.

என் பார்வையில் இந்த நாவலில் ஆசிரியர் எடுத்த ஆகச் சிறந்த தீர்மானம் அந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது. ரின் அங்கே போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அதுவரை நெருப்புத் தெய்வத்தையும் மந்திரத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய ஆசிரியர், அங்கே மந்திரத்துக்கு எந்த வேலையும் வைக்கவில்லை. காப்பாற்ற ஆளில்லாத நகரில் நாயகி செய்யக்கூடியது பிணங்களைக் கடந்து நடப்பதும், தப்பிப் பிழைத்தவர்கள் சொல்வதைக் கேட்பதும்தான். பள்ளியில் அவளை ஏளனம் செய்த வெங்கா என்ற பெண், முகென் படைவீரர்கள் தன்னை அடைத்து வைத்திருந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை அவளிடம் சொல்கிறாள். அந்த இடத்தில் ஆசிரியர் வர்ணனையை நிறுத்திக்கொண்டு வெங்காவையே பேச விடுகிறார். ஜப்பானிய ராணுவத்தால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலங்களை வாசித்தவர்களுக்கு அந்தக் குரல் நன்றாகவே அடையாளம் தெரியும். வாசகரை அதிரவைப்பதற்காக மட்டும் எழுதியவர் என்றால் இந்த இடத்தில் இவ்வளவு அடக்கம் காட்டியிருக்க மாட்டார்.

சீன இலக்கியம் தெரிந்தவர்களின் கருத்து வேறு திசையில் செல்கிறது. நாவலின் பாத்திரங்களான நேஜா, ஜியாங், தாஜி ஆகியோரின் பெயர்கள் மிங் காலத்துப் பழைய தெய்வக் கதையான ‘ஃபெங்ஷென் யான்யி’யிலிருந்து வந்தவை என்பதால், பாத்திரங்கள் வாய் திறக்கும் முன்பே அவர்களைப் பற்றி ஓர் எண்ணம் இவர்களுக்கு வந்துவிடுகிறது. அதே வாசகர்களில் சிலர் காலக் குழப்பத்தைச் சுட்டுகிறார்கள். உண்மையான கேஜு தேர்வு 1905இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. இங்கே அதே தேர்வில் வென்றவள், வாளும் வில்லும் ஏந்திய காலத்தில், 1937இன் கொடுமையைக் காண்கிறாள். கற்பனை நாவலில் காலங்களைக் கலப்பது குற்றமாகாது. ஆனால் அந்தக் கலப்பில் ஒன்று கைநழுவிப் போகிறது. நான்ஜிங்கில் வெளிநாட்டவர் நடத்திய பாதுகாப்பு வலயம் இருந்தது, புகைப்படங்கள் இருந்தன, பாதிரியார் ஜான் மகீ ரகசியமாக எடுத்த திரைப்படச் சுருள் இருந்தது. 1937 என்பது சாட்சியங்கள் பதிவாகிய காலம். கோலின் நீஸில் சாட்சியத்தின் முழுப் பாரமும் வெங்காவின் மீதும், ரின்னின் நண்பன் கிட்டாய் மீதும் விழுகிறது.

ஷிரோ என்ற மருத்துவர் வரும் பகுதியும் இப்படித்தான். சீனாவின் ஹார்பின் அருகே பிங்ஃபாங்கில் ஜப்பானிய ராணுவத்தின் 731ஆம் பிரிவை நடத்தி, கைதிகளின் உடலில் கிருமிச் சோதனைகள் செய்த இஷீ ஷிரோவின் பெயரை ஆசிரியர் மறைக்கவே முயலவில்லை. சோதனைத் தரவுகளுக்கு ஈடாக அமெரிக்கா தண்டனையிலிருந்து விலக்களிக்க, அந்த மனிதர் 1959இல் நோயில் இறந்தார். நாவலின் ஆய்வுக்கூடத்துக்கு நெருப்பு பதில் சொல்கிறது. அதை வாசிக்கும்போது மனம் சற்று ஆறுதல் அடைவதை நான் மறுக்கவில்லை.

கருத்து வேறுபாடு உச்சத்துக்குப் போவது முடிவில்தான். ரின் தன் தெய்வத்தின் நெருப்பை ஏவி, எதிரித் தீவை அதன் மக்களோடு அழித்துவிடுகிறாள். ஹிரோஷிமாவும் நாகசாகியும் நினைவுக்கு வராமல் அந்தப் பக்கங்களைக் கடக்க முடியாது. இதை நியாயம் என்று கொண்டாடும் வாசகர்களும் இருக்கிறார்கள்; இப்படிப்பட்டவளை நாயகி என்று எப்படி ஏற்பது என்று கோபப்படுபவர்களும் இருக்கிறார்கள். மா சேதுங்கின் வாழ்க்கையை மனத்தில் வைத்தே ரின்னைப் படைத்ததாக ஆசிரியர் பேட்டிகளில் கூறியிருப்பதை அறிந்தால் இரண்டாவது தரப்பின் கோபம் ஓரளவு தணியலாம். அவளை நேசிக்கும்படி நம்மிடம் யாரும் கேட்கவில்லை.

என் குறை வேறு. முகென் மக்களுக்கு இந்த நாவலில் முகமே இல்லை. படைவீரர்கள் வருகிறார்கள், தளபதிகள் வருகிறார்கள், சோதனை செய்யும் மருத்துவர் வருகிறார். ஆனால் அந்தத் தீவில் அடுப்பு மூட்டும் ஒரு பெண்ணையோ படகு கட்டும் ஒரு கிழவரையோ அறிந்துகொள்ள நமக்கு வாய்ப்பே தரப்படவில்லை. கதை ரின்னின் கண் வழியாகவே சொல்லப்படுகிறது, எதிரியை மனிதராகக் காண மறுப்பதால்தானே அவளால் அதைச் செய்ய முடிகிறது என்று நாவலுக்காக வாதாடுவோர் சொல்வது சரிதான். அதை மறுக்கத்தான் கிட்டாய் இருக்கிறான். கோலின் நீஸின் படுகொலையைக் கண்ணால் கண்டு பிழைத்தவனே, அவள் செய்ததை அறிந்து அருவருத்து விலகுகிறான். ஆனால் பழிவாங்கலை நோக்கி நம்மை நூற்றுக்கணக்கான பக்கங்கள் நடத்திச் சென்ற நாவல், அவனுடைய மறுப்புக்குச் சில பக்கங்களையே ஒதுக்குகிறது. 2019இல் வந்த ‘தி டிராகன் ரிபப்ளிக்’ நாவலில் ரின் அந்தக் குற்றத்தைச் சுமந்தபடி அலைகிறாள் என்று தொடரை முழுதாக வாசித்தவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். முதல் நாவலை மட்டும் வாசித்து நிறுத்தியவருக்கு அந்தச் சமாதானம் எப்படிப் போய்ச் சேரும்?

பள்ளிக்கூடக் கதைதானே என்று எண்ணி, எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம்.